கேம்கே2ஏ மரபணு: 'டி286' இருக்கும் இடத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம்

நரம்பணுவுக்குள் கால்சியம் கூடினால் கால்மோடுலின் என்ற புரதம் அதைப் பிடித்துக்கொண்டு கேம்கே2 என்ற நொதியைத் திறந்துவிடும். இந்த நொதியின் ஆல்பா வகையை உருவாக்கும் மரபணுதான் கேம்கே2ஏ. மனிதரில் 5-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. இதைப் பற்றி எதைப் படித்தாலும் 'டி286' என்று வரும். புரத வரிசையில் 286-ஆவதாக நிற்கும் திரியோனின் என்ற அமினோ அமிலம்தான் அது, 'டி' (T) என்பது அதற்கான ஆங்கில எழுத்து. அதைக் கண்ணால் பார்த்துவிடுவோம்.

முதலில் யூனிபுராட் என்ற புரதத் தரவுத் தளத்தில் மரபணுவின் பெயரை ஆங்கில எழுத்துகளில் தேடுங்கள் (சி, ஏ, எம், கே, 2, ஏ). எலி, சுண்டெலி எல்லாம் சேர்ந்து வரும். மனிதருக்கான, சரிபார்க்கப்பட்ட பதிவை மட்டும் எடுங்கள். புரதம் என்றால் எனக்கு யூனிபுராட்தான். மரபணுவின் அமைப்பைப் பார்க்க என்சிபிஐ என்ற இன்னொரு தரவுத் தளம் வசதி.

அடுத்து, ஃபாஸ்டா வடிவில் (ஒரு தலைப்பு வரி, அதன் கீழே எழுத்துகள் மட்டும்) வரிசையைத் திறங்கள். ஓர் எழுத்து என்பது ஓர் அமினோ அமிலம். மொத்தம் 478 எழுத்துகள்.

இனி எண்ணுவதுதான் வேலை, இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். '>' குறியுடன் தொடங்கும் தலைப்பு வரியைச் சேர்க்கக் கூடாது. யூனிபுராட்டில் ஒரு வரிக்கு 60 எழுத்துகள். நான்கு வரிகளில் 240 முடிந்துவிடும், ஆகவே ஐந்தாம் வரியின் 46-ஆவது எழுத்துதான் நமக்கு வேண்டியது. என்சிபிஐயில் வரிக்கு 70 எழுத்துகள், அங்கே ஐந்தாம் வரியின் 6-ஆவது எழுத்து. சரியான இடம்தானா என்று பார்க்க, அதற்கு முன்னால் ஆர், கியூ, ஈ என்ற மூன்றும் வரிசையாக இருக்க வேண்டும். நான்காவதாக நிற்கும் டிதான் திரியோனின் 286.

இந்த ஓர் எழுத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? இந்த நொதியில் பொதுவாக 12 துணையலகுகள் (தனித்தனிப் புரதச் சங்கிலிகள்) சேர்ந்திருக்கும். கால்சியம் வந்ததும் ஒன்று பக்கத்திலிருப்பதன் 286-இல் பாஸ்பேட்டை ஒட்டிவிடும். அப்புறம் கால்சியம் குறைந்தாலும் நொதி ஓரளவு வேலை செய்துகொண்டே இருக்கும். இந்தத் திரியோனினை அலனின் என்ற வேறோர் அமினோ அமிலமாக மாற்றிய சுண்டெலிகளுக்கு இடங்களைக் கற்று நினைவில் வைப்பது கடினமாகிவிட்டது என்று 1998-இல் காட்டினார்கள்.

பின்சேர்க்கை: 489 எழுத்துள்ள வடிவம் கிடைத்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். கவலை வேண்டாம், கூடுதலான 11 எழுத்துகளும் 286-க்குப் பிறகுதான் வருகின்றன. இன்னொருவருக்கு 286-இல் டி கிடைக்கவில்லை. அவர் திறந்திருந்தது பீட்டா வகைக்கான கேம்கே2பி. பீட்டா, காமா, டெல்டா மூன்றிலும் தொடக்கத்திலேயே ஓர் எழுத்து கூடுதல், அதனால் அவற்றில் அதே திரியோனின் 287-இல் இருக்கும்.