தோட்டாவின் அடியில் 38 என்று இருந்தால் அது 1938 ஆகிவிடாது

இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் 7.92 மி.மீ. மவுசர் தோட்டாவைக் கவிழ்த்துப் பார்த்தால் நடுவில் பிரைமர் (அடித்ததும் தீப்பொறி தந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), அதைச் சுற்றி நான்கு குறிகள். ஒன்றில் 'ஏயுஎக்ஸ்', 'எஸ்டி', '38', '42' என்று இருக்கிறது என்று வையுங்கள். புதிதாகச் சேகரிக்க வருபவர் கண்ணில் முதலில் படுவது 38. "போருக்கு முந்தையது" என்று சொல்லிவிடுவார். அது லாட் எண், அதாவது ஒரே தொகுதியாகச் செய்தவற்றின் எண். ஆண்டு 42. தொழிற்சாலைகளுக்கு 'ஏயுஎக்ஸ்' போன்ற எழுத்துக் குறியீடு வந்ததே 1940 வாக்கில்தான் என்று தெரிந்திருந்தால் அப்போதே சந்தேகம் வந்திருக்கும்.

எண்களில் இருந்து தொடங்குவதுதான் கோளாறு. தொழிற்சாலைக் குறியீட்டை 12 மணி இடத்தில் நிறுத்துங்கள். கடிகாரச் சுற்றில் 3 மணியில் உறையின் (மருந்தையும் குண்டையும் தாங்கும் உலோகக் குழாயின்) உலோகம், 6 மணியில் லாட், 9 மணியில் ஆண்டு. 41-ம் 43-ம் ஒன்றாக நிற்கும் உறையில் இது ஒன்றுதான் துணை.

குறியீட்டைப் பெயர்ச்சுருக்கமாக நினைப்பது அடுத்த வழுக்கல். எங்கே செய்தது என்பதை மறைக்கத்தானே இந்தக் குறியீடே! 'ஏயுஎக்ஸ்' மாக்டெபுர்க் நகரத்து போல்ட்டெ ஆலை. 'ஏயுஇசட்' அதே போல்ட்டெயின் ஆர்ன்ஷ்டட் ஆலை. பெயரில் இருந்து ஊகிக்க ஒரு துப்பும் கிடையாது. 'கேஏஎம்' வேறு நம்மை ஏமாற்றும்: போலந்தின் ஸ்கார்ஷிஸ்கோ-கமியென்னா ஊரில், யூதர்களை அடிமை வேலை வாங்கிய ஹசாக் என்ற ஜெர்மன் நிறுவனத்து ஆலையின் குறி அது. ஊர்ப்பெயரோடு ஒத்துப்போகிறதே என்று அதை விதியாக்கிக்கொண்டால் மற்ற எல்லாம் தப்பாகும்.

உலோகக் குறியில் 'எஸ்' பக்கத்து நட்சத்திரம் தர முத்திரை அல்ல. 72 சதவீதம் செம்பு கலந்த பித்தளை என்று பொருள். 'எஸ்டி' எஃகு. காந்தம் வைத்துச் சரிபார்ப்பது நல்லதுதான், ஆனால் உறையில் வையுங்கள். குண்டின் மேலுறை பெரும்பாலும் எஃகுதான் என்பதால் அதில் வைத்தால் பித்தளைத் தோட்டாவும் ஒட்டும்.

இதையெல்லாம் சரியாகப் படித்தவர்களும் கடைசியில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அடியில் பொறித்தது வெற்று உறையின் ஜாதகம். வெடிமருந்தும் குண்டும் வைத்து முடித்த தோட்டாவுடையது அல்ல. ஓர் ஆலையில் 41-ல் அடித்த உறையை இன்னோர் ஆலை 42-ல் நிரப்பியிருக்கலாம். குண்டின் வகையையும் இந்த எண்களில் தேடாதீர்கள். அதற்குப் பிரைமரைச் சுற்றிய வண்ண வளையம் இருக்கிறது: பச்சை என்றால் கனமான சாதாரணக் குண்டு, சிவப்பு என்றால் கவசம் துளைக்கும் எஃகுக் கருக் குண்டு. துரு போக்குகிறேன் என்று கம்பிப் பிரஷ் போட்டால் போவது அந்த வளையம்தான்.

பழைய அட்டைப்பெட்டி கையில் இருந்தால் லேபிளைப் பாருங்கள். தோட்டாவை நிரப்பிய லாட் மேலே இருக்கும். மருந்து, உறை, குண்டு, பிரைமர் ஒவ்வொன்றின் லாட்டும் அதன்கீழ் தனித்தனி வரி. தோட்டாவின் அடியில் உள்ளதை உறைக்கான வரியோடு ஒப்பிட வேண்டும். மேல்வரியோடு ஒப்பிட்டுவிட்டு, "யாரோ பெட்டியை மாற்றிவிட்டார்கள்" என்று நல்ல பெட்டியைத் தள்ளியவர்கள் நிறையப் பேர்.