சீனக்குடாவில் இறங்கித் திருமலை சுற்றுகிறவர்கள் விடுகிற பிழைகள்

போன வருஷம் ஆனியில் என் மச்சான் குடும்பம் கனடாவில் இருந்து வந்தது. கொழும்பில் இருந்து வான் வண்டியில் அவ்வளவு தூரம் குலுங்க ஏலாது என்று ஒரு சின்ன விமானம் பிடித்து, திருகோணமலையில், அதாவது எங்கள் திருமலையில், இருக்கிற சீனக்குடா விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். நேரம் மத்தியானம் ஒரு மணி. மச்சானின் கையில் ஒரு தாள். 2 மணி புறாத்தீவு, 4 மணி கன்னியா, 5 மணி கோணேசர் கோயில், 6 மணிக்கு நிலாவெளிக் கடற்கரையில் சூரியன் மறைவது. நாலு வரியில் மூன்று பிழை. ஒன்று தற்செயலாகச் சரி, அதற்கும் ஈரக் காற்சட்டையோடு போகத்தான் நினைத்திருந்தார்.

திருமலையில் இடங்கள் கிட்டக் கிட்டத்தான் இருக்கின்றன. பட்டணத்தில் இருந்து உப்புவெளி ஐந்தாறு கிலோமீற்றர், கன்னியா எட்டு, நிலாவெளி பதினைந்து. அதனால்தான் ஒரு பின்னேரத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று தோன்றுகிறது. வருகிறவர்கள் தூரத்தைக் கணக்குப் பார்க்கிறார்கள், நேரத்தைப் பார்ப்பதில்லை. எதை எப்போது பார்க்கலாம் என்பதை இங்கே வெயிலும் காற்றும் கடலும்தான் சொல்லும்.

நாலாவது வரியில் இருந்தே தொடங்குகிறேன், அதுதான் சுருக்கமாக முடியும். நிலாவெளியும் உப்புவெளியும் கிழக்குப் பார்த்த கரைகள். சூரியன் அங்கே கடலில் இருந்து எழும்பும். மறைவது உங்கள் முதுகுக்குப் பின்னால், பனைமரத்துக்கும் ஹோட்டல் கூரைக்கும் அப்பால். கடலைப் பார்த்தபடி ஆறு மணி வரை காத்திருந்துவிட்டு, 'முகில் மூடிவிட்டது போல' என்று சொல்லிக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். காலை ஐந்தரைக்கு எழும்பிப் போனால் அதே கரையில் உதயம் பார்க்கலாம், கரைவலை இழுக்கிறவர்களையும் பார்க்கலாம். தண்ணீர் மேல் சூரியன் மறைவதுதான் வேண்டும் என்றால் பட்டணத்தின் மேற்குப் பக்கம், உள்துறைமுகக் கரைக்கு வாருங்கள்.

இனிப் புறாத்தீவு. நிலாவெளிக் கரையில் இருந்து ஒரு கிலோமீற்றர் அளவில் இருக்கிற இரண்டு சின்னத் தீவுகள். வெள்ளைக்காரன் காலத்தில் அதைப் பீரங்கிப் பயிற்சிக்குக் குறியாக வைத்துச் சுட்டார்கள். பிறகு 1963இல் சரணாலயமாக்கி, 2003இல் தேசிய பூங்காவாக அறிவித்தார்கள். அங்கே போகிற விஷயத்தில் விடுகிற முதல் பிழை மாதம். பிள்ளைகளின் பள்ளி விடுமுறை என்று மார்கழியில் வருவார்கள். அது இங்கே வாடைக் காற்றும் மழையும் இருக்கிற காலம். ஐப்பசி தொடக்கம் தை வரை கடல் கொந்தளிக்கும், போட் போகாது, போனாலும் தண்ணீருக்குள் ஒன்றும் தெரியாது. தெற்குக் கரையில் காலியிலும் மிரிசையிலும் அந்தக் காலம்தான் நல்ல காலம் என்பதால் பலர் குழம்பிப்போகிறார்கள். தெற்குக்கு நல்லது எங்களுக்குக் கெட்டது, எங்களுக்கு நல்லது தெற்குக்குக் கெட்டது. மே முதல் செப்டெம்பர் வரை வாருங்கள். திமிங்கிலம் பார்க்கிற ஆசை இருந்தாலும் அதே காலந்தான், மார்ச் கடைசியில் இருந்தே சிலர் போவார்கள். கொட்டியாரக் குடாவின் அடியில் இருந்து ஆழமான ஒரு கடற்பள்ளம் வெளியே ஓடுகிறது. அதனால்தான் பெரிய நீலத் திமிங்கிலங்கள்கூடக் கரைக்கு ஓரளவு கிட்ட வருகின்றன. அதற்கு விடியப் புறமே போட்டில் இருக்க வேண்டும்.

அடுத்த பிழை நேரம். சீசன் நாட்களிலும் மத்தியானத்துக்குப் பிறகு காற்று எழும்பினால் போட் குதிக்கும், தண்ணீர் கலங்கும், பாறையிலும் மணலிலும் கால் வைக்க முடியாத சூடு. தீவில் கடை கிடையாது, குடிக்கத் தண்ணீர் கிடையாது, நிழலும் பெரிதாக இல்லை. ஏழு மணிக்கே கரையில் நின்றால் பத்தரைக்குள் திரும்பிவிடலாம். கூட்டமும் குறைவு. மச்சான் இரண்டு மணிக்கே போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். சரி, உங்கள் விருப்பம் என்று விட்டுவிட்டேன். மூன்று மணிக்கு நிலாவெளியில் நின்று போன் எடுத்தார். போட்காரர் கடலைக் காட்டி, 'நாளைக்குக் காலமை வாங்கோ அண்ணே' என்று அனுப்பிவிட்டாராம்.

காசு விஷயத்திலும் ஒரு குழப்பம் உண்டு. கரையில் போட்காரர் சொல்வது போட்டுக்கு மட்டுமான விலை. வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச் சீட்டு வேறு, அதன்மேல் சேவைக் கட்டணமும் வரியும் வேறு, தண்ணீருக்குள் பார்க்கிற கண்ணாடியும் மூச்சுக் குழாயும் வாடகைக்கு எடுத்தால் அது வேறு. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்குச் சீட்டின் விலை உள்ளூர்க்காரரைவிடப் பல மடங்கு. எவ்வளவு அழகாகத் தமிழ் கதைத்தாலும் உள்ளூர் விலை கிடைக்காது. இலங்கை அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் கையோடு கொண்டுபோங்கள். முழுச் செலவையும் கேட்டுக் கூட்டிப் பார்த்துவிட்டு ஏறினால் திரும்பி வரும்போது சண்டை வராது.

தண்ணீருக்குள் இறங்கிய பிறகு ஒரேயொரு விஷயம்: முருகைக்கல்லின், அதாவது பவளப்பாறையின், மேல் ஏறி நிற்காதீர்கள். களைத்துப் போனவர்கள் கால் ஊன்ற இடம் தேடி அதன்மேல்தான் நிற்கிறார்கள். அது கல் இல்லை, உயிர். ஒருமுறை முறிந்தால் மறுபடி வளர வருஷக்கணக்காகும். உங்கள் காலையும் அது சும்மா விடாது, அந்தக் கீறல் ஆற நாளெடுக்கும். நீந்தத் தெரியாவிட்டால் உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு மிதவுங்கள். செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் பக்கத்தால் போகும். அவை உங்களுக்குப் பயந்தவை, படம் எடுக்கத் துரத்தாதீர்கள்.

கன்னியாவுக்கு நீச்சல் உடுப்போடு வருகிறவர்களும் உண்டு. வெந்நீரூற்று என்றதும் ஒரு குளத்தை நினைத்துவிடுகிறார்கள். அங்கே இருப்பது ஆழமில்லாத ஏழு சின்னக் கிணறுகள், சுற்றிக் கட்டு. உள்ளே இறங்க முடியாது, வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுவதுதான் முறை. ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வித்தியாசம், அதைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதில்தான் பிள்ளைகளுக்குச் சந்தோஷம். சவர்க்காரம் போடாதீர்கள். இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கிய தீர்த்தம் என்பது கதை. அதனால் இன்றைக்கும் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிற குடும்பங்கள் இருக்கின்றன. பக்கத்தில் ஒருவர் தகப்பனுக்குக் கடன் கழிக்கும்போது நீங்கள் தண்ணீர் விசிறி விளையாடினால் அவருக்கு எப்படி இருக்கும்? வெயிலில் வெந்நீர் குளிப்பது யாருக்கும் சுகமில்லை, காலையிலேயே போய்விடுங்கள். அரை மணித்தியாலம் போதும். அதற்கு மேல் அங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தாளில் சரியாக இருந்த வரி கோணேசர் கோயில். பின்னேரம்தான் அதற்கு நேரம். மத்தியானப் பூசை முடிந்து நடை சாத்திய பிறகு போய்ப் பூட்டிய கதவைக் கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள் அதிகம். கோயில் இருப்பது பிரட்ரிக் கோட்டைக்குள். கோட்டை வாசலில் இருந்து கோயில் வரை ஏற்றம். மேலே செருப்பைக் கழற்றியதும் வெயில் குடித்த தரையில் பொய்க்கால் குதிரை ஆட வேண்டி வரும். நாலரை, ஐந்துக்கு ஏறினால் கடற்காற்று இருக்கும், பின்னேரப் பூசையும் கிடைக்கும். உடுப்பு தோளையும் முழங்காலையும் மூட வேண்டும். வேட்டி, சேலை கட்டாயமில்லை. கடலில் குளித்த உடுப்போடு மட்டும் வராதீர்கள்.

வழியில் நிற்கிற மான்களுக்குத் தீன் போடுவதுதான் எனக்கு மிகவும் கோபம் வருகிற பிழை. பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டுப் பையைக் கீழே போடுகிறார்கள். உப்பும் இனிப்பும் பட்ட பொலித்தீனை மான் அப்படியே தின்னும், பிறகு வயிறு அடைத்துச் சாகும். படம் எடுத்தால் போதும். படம் என்றதும் இன்னொன்று: பிரட்ரிக் கோட்டைக்குள் இன்றைக்கும் இராணுவ முகாம் இருக்கிறது. கோயிலையும் கடலையும் எடுக்கலாம், முகாம் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள்.

கோயிலுக்குள் கும்பிட்ட கையோடு இறங்கி ஓடிவிடாமல் பாறையின் விளிம்புக்குப் போய் இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவை எட்டிப் பாருங்கள். சம்பந்தர் தேவாரம் பாடிய பழைய கோயில் இப்போது இருப்பதல்ல. அதைப் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசர் இடித்து, அந்தக் கல்லையே கொண்டு கோட்டை கட்டினார்கள். 1956இல் விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் இந்தப் பாறையடியில் சுழியோடிக் கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டார்கள். கீழே தெரிகிற அந்தக் கருநீலத் தண்ணீருக்குள்தான் பாதிக் கோயில் கிடக்கிறது என்று தெரிந்து பார்த்தால் பார்வையே வேறு. இறங்கி வரும்போது டச் பே கடற்கரையில் ஊர்ச்சனம் முழுக்க உட்கார்ந்திருக்கும். அங்கே வறுத்த கச்சான் கடலை வாங்கிக் கொறிக்கலாம். ஆனியில் தென்மேற்கில் இருந்து வருகிற கச்சான் காற்றும் சேர்ந்து வீசும், அதற்குக் காசில்லை.

இறங்குகிற இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீனக்குடா விமான நிலையம் விமானப்படைத் தளத்துக்குள் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்ட அதே தளம். (அந்த யுத்தகாலத்துக் கல்லறைகள் நிலாவெளி வீதியில், உப்புவெளியில் இருக்கின்றன. புறாத்தீவுக்குப் போகிற வழியில் பத்து நிமிஷம் இறங்கிப் பார்க்கலாம்.) ஆகவே மற்ற நிலையங்களைப்போல வெளியே வந்து ஓட்டோவுக்குக் கை காட்டலாம் என்று நினைக்காதீர்கள். யார் வந்து ஏற்றுவது, எந்த வாசலில் நிற்பது என்று முதலே பேசி வையுங்கள். தளத்துக்குள் படம் வேண்டாம், ட்ரோனைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். பக்கத்துக் காட்டுக்குள் தெரிகிற பெரிய எண்ணெய்த் தாங்கிகள் வெள்ளைக்காரன் கட்டியவை, மொத்தம் 99. பார்க்க ஆசை வரும், ஆனால் அது உலாப் போகிற இடமில்லை.

விமான நிலையம் உள்துறைமுகத்தின் ஒரு கரையில், பட்டணம் மறுகரையில். வீதி துறைமுகத்தைச் சுற்றித்தான் போகும். இதை யோசிக்காமல் கடைசி நாள் காலையில் நிலாவெளிக்குப் போய், அங்கிருந்து விமானத்துக்கு விழுந்தடித்து ஓடி வருவார்கள். வடக்குப் பக்கத்தை, அதாவது உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளியை, நடு நாட்களில் முடித்துவிடுங்கள். வந்து இறங்குகிற நாளுக்கும் திரும்பிப் போகிற நாளுக்கும் சீனக்குடாப் பக்கத்திலேயே வேண்டிய அளவு இருக்கிறது. மாபிள் பீச் கிட்டத்தான், அலை குறைந்த கடல், சின்னப் பிள்ளைகளுக்கு நல்லது. கண்டி வீதியால் போனால் தம்பலகாமத்து வயலும் ஆதிகோணேசர் கோயிலும். மட்டக்களப்பு வீதியால் போனால் கிண்ணியாப் பாலம், 396 மீற்றர் நீளம். 2009இல் அதைத் திறக்கும்வரை 'பாதை' என்கிற மிதவையில் ஏறித்தான் அக்கரைக்குப் போனோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தப் பக்கம் சாப்பாட்டுக் கடை தேடாதீர்கள், ஜும்மா முடியும்வரை கடைகள் பூட்டியிருக்கும். நோன்பு மாதத்தில் பகல் முழுக்கவே அப்படித்தான்.

தூரப் பயணத்தில் ஒரே நாளில் சீகிரியா, தம்புள்ளை, பொலநறுவை என்று மூன்றையும் கட்டிக்கொண்டு போவது பெரிய பிழை. சீகிரியா மட்டுமே இங்கிருந்து நூறு கிலோமீற்றர் அளவில், மேலே 1200 படி. ஒன்றைத் தெரிந்தெடுங்கள், விடிய முதல் வெளிக்கிடுங்கள், இருட்ட முதல் கந்தளாயைத் தாண்டித் திரும்பி வந்துவிடுங்கள். ஹபரணை வீதியில் பொழுது சாய்ந்தால் யானை இறங்கும். யானை பார்க்கத்தானே வந்தோம் என்று மச்சான் சிரித்தார். நடு வீதியில், லைட்டை அணைத்துவிட்டு ஒரு கொம்பன் முன்னால் இருபது நிமிஷம் இருந்த பிறகு சிரிக்கவில்லை.

கடைசிப் பிழை என்னுடையது. கிண்ணியாவில் நல்ல எருமைத் தயிர், இரண்டு முட்டி வாங்கிக் கொடுத்துவிட்டேன். மாமி தன் பங்குக்கு ஒரு பொதி கருவாடு. சின்ன விமானத்தில் பொதி நிறுக்கும்போது ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு, மண்முட்டி இரண்டும் கூடுதல் நிறை. மச்சான் பெட்டியைத் திறந்து காற்சட்டைகளை வெளியே எடுத்து வைத்தார். கருவாடு போய்ச் சேர்ந்தது. தயிர் முட்டிகள் என்னோடு வீட்டுக்குத் திரும்பி வந்தன.