பண்ணை வேலைக்கு ஈடாக நாய்ப் பயிற்சி: எங்கே தவறுகிறார்கள்?

பிரிட்டனில் பார்டர் கோலி இன நாய் வளர்ப்பவர்கள் பலருக்கு, அதைச் செம்மறி ஆடு மேய்க்கப் பழக்க வேண்டும் என்ற ஆசை சீக்கிரமே வந்துவிடுகிறது. நியாயமான ஆசைதான். அந்த இனமே மேய்ச்சலுக்காக உருவானது. வேல்ஸில் உள்ள பாலா என்ற ஊரில் 1873-லேயே மேய்ப்பு நாய்களுக்குப் போட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் நாய் கையில் இருக்கும். ஆடும் நிலமும் இருக்காது. காசு கொடுத்துத் தொடர்ந்து கற்கவும் முடியாது. அதனால் "பண்ணையில் வேலை செய்கிறேன், நாயைப் பழக்கிக் கொடுங்கள்" என்று மேய்ப்பரிடம் போய்க் கேட்கிறார்கள். அருமையான ஏற்பாடு இது. கெட்டுப்போவதும் பெரும்பாலும் நாயால் அல்ல, அரைகுறைப் பேச்சால்.

பாடத்துக்கு என்ன செலவாகிறது என்று தெரியாமல் பேரம் பேசுவதுதான் முதல் தவறு. மேய்ப்பரின் நேரம் மட்டும் இதில் போவதில்லை, ஆடும் தேய்கிறது. பழகாத நாய் பாய்ந்தால் ஆடுகள் சிதறி ஓடும், வேலியில் மோதும், சில சமயம் கடிபடும். பயிற்சிக்கென்றே நாய்க்குப் பழகிய சில ஆடுகளைத் தனியாக வைத்திருப்பார்கள். அவையும் நாள்பட நாள்பட நகர மறுத்து ஆளின் காலையே சுற்றத் தொடங்கும். அப்புறம் வேறு ஆடுகளை மாற்றியாக வேண்டும். ஆகவே எத்தனை மணி நேர வேலைக்கு எவ்வளவு பயிற்சி, ஆட்டுக்கு அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது, பண்ணையில் உங்களுக்கு அடிபட்டால் காப்பீடு உண்டா என்பதையெல்லாம் முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். இளம் நாய்க்கு ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடமே போதும். ஒரு மணி நேரம் கேட்டு அடம்பிடிக்காதீர்கள்.

அடுத்தது பருவம். ஆட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 147 நாள். மலைப் பண்ணைகளில் நவம்பரில் கிடா சேர்த்து, ஏப்ரலில் குட்டி எடுப்பார்கள். உங்கள் கை அவர்களுக்கு அதிகம் தேவைப்படுவது அந்த ஏப்ரலில்தான். நாய்ப் பயிற்சி கேட்கவே கூடாத காலமும் அதுதான். நிறைசினை ஆடுகளைக் கற்றுக்குட்டி நாய் விரட்டினால் குட்டி கலைந்துபோகலாம். குட்டி போட்ட தாயோ நாயை முட்ட வரும். பயந்த இளம் நாய் அதற்கப்புறம் ஆட்டின் பக்கமே போகாமல் இருந்துவிடலாம். வசந்தத்தில் உழைத்த கணக்கைக் குறித்து வைத்து, குட்டிகள் பால்குடி மறந்தபின் பாடமாக வாங்கிக்கொள்வதே இருவருக்கும் நல்லது.

வேலைக்குப் போகும்போது நாயை அவிழ்த்துவிடாதீர்கள். சும்மா திரியும் நாய் கம்பி வழியாக ஆட்டை முறைத்துக்கொண்டே நின்று கெட்ட பழக்கம் பிடிக்கும். வேலையில் உங்கள் கவனமும் சிதறும். மேற்பார்வை தேவைப்படும் வேலையாள் மேய்ப்பருக்கு உதவி இல்லை, பாரம்தான். கேட் திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள். ஆட்டைப் பிடிக்க மயிரைப் பற்றி இழுக்காதீர்கள். அதற்கு வலிக்கும், தோலுக்கடியில் இரத்தம் கட்டும். ஒரு கையைத் தாடைக்கு அடியில் கொடுங்கள், மறு கை பின்புறத்தில் இருக்கட்டும், தலையை மெல்ல உயர்த்துங்கள். நின்றுவிடும்.

கூலியாக எண்ணிச் செய்யும் இந்த வேலைக்குள்ளேயே பாதிப் பாடம் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆட்டின் தோளுக்குப் பின்னால் ஓரடி வைத்தால் அது முன்னால் போகும். தோளைத் தாண்டி முன்னால் வந்தால் நிற்கும் அல்லது திரும்பும். எவ்வளவு நெருங்கினால் மந்தை கலையும், எங்கே நின்றால் அமைதியாக நகரும் என்பதை நாயில்லாமல் பட்டியில் நடந்து நடந்துதான் உணர முடியும். இது தெரியாதவர், நாய் ஆடுகளைச் சுற்றும்போது தப்பான இடத்தில் நின்றுகொண்டு அதைத் திட்டுவார். நாய் சரியாகத்தான் செய்திருக்கும்.

வீட்டில் தனியாக வேறு சொற்களைப் பழக்குவதும் வேண்டாம். கடிகார முள் போகும் திசையில் சுற்ற 'கம் பை', அதற்கு எதிர்த்திசையில் சுற்ற 'அவே' என்று மேய்ப்பர் சொன்னால் நீங்களும் அதையே, அதே தொனியில் சொல்லுங்கள்.

மாணவர் விசாவில் இருப்பவர்கள் கவனிக்க: பணம் கைமாறாவிட்டாலும் பண்ணையில் செய்வது வேலைதான். விசாவின் வேலை நிபந்தனைகளைப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

உடல்நலத்தில் மட்டும் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். கர்ப்பிணிகள் குட்டி போடும் ஆடுகளின் பக்கமே போகக்கூடாது. அவற்றிடமிருந்து தொற்றும் சில கிருமிகள் கருவைக் கலைத்துவிடும். நாய்க்குத் தவறாமல் நாடாப்புழு மருந்து கொடுங்கள், செத்த ஆட்டையோ பச்சைக் குடலையோ தின்ன விடாதீர்கள். ஆட்டுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து, மரபணுக் குறைபாடுள்ள கோலிகளுக்கு நஞ்சு. ஆட்டுக்கு அதைக் கொடுக்கும் நாளில் நாயை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.