ஜெர்மனியில் இன்ஜினியரிங்: அரியர் கணக்கோடு விமானம் ஏறாதீர்கள்

ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் படிக்க வரப்போகிற தம்பி தங்கைகள் போனில் கேட்பது பெரும்பாலும் மூன்றே விஷயம்தான். விசாவுக்காக வாழ்க்கைச் செலவை முன்கூட்டியே போட்டுவைக்கிற பிளாக்டு அக்கவுண்டில் எவ்வளவு போட வேண்டும், விசா எத்தனை நாளில் வரும், பார்ட் டைம் வேலை கிடைக்குமா. எல்லாமே நியாயமான கேள்விகள். ஆனால் ஒரு பேப்பரில் ஃபெயில் ஆனால் என்ன ஆகும் என்று கிளம்புவதற்கு முன்னால் ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. இங்கே வந்து நொந்துபோகிறவர்களில் பலர் அந்த இடத்தில்தான் நொந்துபோகிறார்கள், அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நம்ம ஊர் காலேஜில் அரியர் விழுந்தால் வீட்டில் திட்டு விழும், அவ்வளவுதான். இந்த செமஸ்டர் போனால் அடுத்தது, அதுவும் போனால் கடைசி வருடத்தில் சேர்த்துக் கிளியர் பண்ணிக்கொள்ளலாம் என்று ஒரு தைரியம் இருக்கும். ஜெர்மனியின் பல பல்கலைக்கழகங்களில் ஒரு பேப்பருக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றாவதிலும் போனால் 'எண்ட்கியூல்டிக் நிஷ்ட் பெஸ்டாண்டன்', அதாவது 'இறுதியாகத் தேர்ச்சி பெறவில்லை' என்று எழுதிவிடுவார்கள். அது கட்டாயப் பாடம் என்றால் படிப்பிலிருந்தே நீக்கம். அதே படிப்பை ஜெர்மனியில் இன்னொரு பல்கலைக்கழகத்தில் தொடரலாம் என்று பார்த்தால் பெரும்பாலும் அந்தக் கதவும் மூடியிருக்கும். உங்கள் ரெசிடென்ஸ் பெர்மிட் படிப்பை நம்பி நிற்கிறது என்பதால் அதுவும் ஆடும். எல்லா இடத்திலும் விதி ஒன்றல்ல. சில இடங்களில் வாய்ப்புகளை எண்ண மாட்டார்கள், அதற்குப் பதிலாக இத்தனையாவது செமஸ்டருக்குள் இத்தனை கிரெடிட் என்று கெடு வைப்பார்கள். உங்கள் படிப்புக்கு எது பொருந்தும் என்பது 'ப்ரூஃபுங்ஸ்ஓர்ட்னுங்' எனப்படும் தேர்வு விதிமுறையில் இருக்கும். ஜெர்மன் மொழியில், சட்டம் மாதிரி நடையில்தான் இருக்கும். இருந்தாலும் மொழிபெயர்த்தாவது முதல் வாரமே படித்துவிடுங்கள். சீனியர் சொன்னதை நம்ப வேண்டாம், அவர் சேர்ந்த வருடத்து விதி வேறாக இருக்கலாம்.

அடுத்தது இன்டர்னல் மார்க். அப்படி ஒன்று இங்கே பெரும்பாலான பாடங்களில் கிடையாது. மாதாந்திர டெஸ்ட் இல்லை, அட்டென்டன்ஸ் இல்லை. செமஸ்டர் முடிவில் 90 நிமிடமோ 120 நிமிடமோ ஒரே ஒரு பரீட்சை, அதுதான் முழு மதிப்பெண். லெக்சருக்கு நீங்கள் இரண்டு மாதம் போகாவிட்டாலும் யாரும் போன் செய்து கேட்க மாட்டார்கள். வந்த புதிதில் இது பெரிய சுதந்திரமாகத் தெரியும், நவம்பர் மாதம் ஓடியே போய்விடும். ஜனவரியில் உட்கார்ந்து பார்த்தால் ஐந்து பாடம், பாடத்துக்கு முந்நூறு ஸ்லைடு. ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்பதுதான் ஐரோப்பியக் கணக்கு. செமஸ்டருக்கு 30 கிரெடிட் என்றால் 750 மணி நேரத்துக்குக் குறையாது, அதைக் கடைசி மூன்று வாரத்தில் திணிக்க முடியாது.

பரீட்சைக்கு நீங்களே பதிவு செய்ய வேண்டும் என்பதையும் பலர் கோட்டை விடுகிறார்கள். எனக்கு அடுத்த அறையில் இருந்த ஒரு தம்பி இரண்டு மாதம் கண்விழித்துப் படித்துவிட்டு, தேர்வுப் போர்ட்டலில் பதிவுக்கான தேதி முடிந்து நான்கு நாள் ஆகியிருந்ததைப் பிறகுதான் பார்த்தான். ஒன்றும் செய்ய முடியவில்லை. அடுத்த வாய்ப்புக்கு ஆறு மாதம் காத்திருந்தான். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. பதிவு செய்துவிட்டு, தயாராகவில்லை என்று தெரிந்தும் விலகாமல் இருப்பது. விலகுவதற்கு ஒரு கடைசித் தேதி இருக்கும், அதைத் தாண்டிவிட்டுப் பரீட்சைக்குப் போகாவிட்டால் அது 5.0, அதாவது ஃபெயில். காய்ச்சல் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போய்ச் சான்றிதழ் வாங்கி உடனே தேர்வு அலுவலகத்தில் கொடுங்கள். இரண்டு நாள் கழித்துப் போனால் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள்.

என் முதல் பரீட்சை இன்னும் நினைவிருக்கிறது. பெரிய லெக்சர் ஹால், ஒரு சீட் விட்டு ஒரு சீட், பைகளெல்லாம் சுவரோரம், மேஜையில் மாணவர் அட்டை, பாஸ்போர்ட், பேனா, சாதாரண கால்குலேட்டர். கேள்வித்தாளைத் திருப்பினால் நான்கே கணக்கு. 'விளக்குக', 'வேறுபடுத்துக' எதுவும் இல்லை. 16 மார்க் கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதிப் பழகிய கைக்கு அங்கே வேலையே இல்லை. ஒரு பிராக்கெட், அதன்மேல் இரண்டு சுமை, ஒரு வெல்டு, அது தாங்குமா தாங்காதா என்று கேட்டிருந்தார்கள். ஃப்ரீ பாடி டயக்ராமில் ஒரு விசையின் திசையை மாற்றிப் போட்டேன், அங்கிருந்து எல்லாம் கோணிக்கொண்டு போனது. நேரமும் பற்றவில்லை. ஃபார்முலா ஷீட் எடுத்துப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள், அது பெரிய உதவி என்று நினைத்திருந்தேன். ஃபார்முலாவைத் தேடிக்கொண்டிருக்கிற அளவுக்கு அவகாசமே தர மாட்டார்கள் என்பது உள்ளே உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது.

அதனால் படிக்கும் முறையை மாற்றியே ஆக வேண்டும். லெக்சரைவிட 'யூபுங்' எனப்படும் பயிற்சி வகுப்பு முக்கியம், பரீட்சைக் கணக்குகள் அங்கே போடுகிற கணக்குகளின் சாயலில்தான் வரும். பழைய கேள்வித்தாள்களை 'ஆல்ட்கிளவ்சூர்' என்பார்கள். துறையின் மாணவர் மன்றமான 'ஃபாக்ஷாஃப்ட்' பெரும்பாலும் அவற்றைச் சேர்த்து வைத்திருக்கும். அவர்களிடம் போய்க் கேட்பதற்குக் கூச்சப்பட்டு, நம்ம ஆட்களோடு மட்டும் வாட்ஸ்அப் குரூப்பில் ஸ்லைடு பகிர்ந்து படிப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தயவுசெய்து போய்க் கேளுங்கள். அப்புறம் ஸ்டாப்வாட்ச் வைத்து, கையால், பேப்பரில் போட்டுப் பாருங்கள்.

ரிசல்ட் வந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. திருத்திய விடைத்தாளை நேரில் பார்க்க ஒரு நாள் ஒதுக்குவார்கள், அதற்கு 'ஐன்சிஷ்ட்' என்று பெயர். ஃபெயில் ஆனவர்களில் பாதிப்பேர் வெட்கப்பட்டுப் போவதே இல்லை. நான் போனேன். முன்னால் செய்த ஒரு தவறு பின்னால் வரும் விடைகளைக் கெடுத்தாலும், வழிமுறை சரியாக இருந்தால் பின்பகுதிக்கு மார்க் தருவது இங்கே வழக்கம். என் தாளில் ஒரு இடத்தில் அது விடுபட்டிருந்தது. காட்டினேன், பார்த்துவிட்டு மூன்று மார்க் சேர்த்தார்கள், 5.0 என்பது 4.0 ஆனது, அதாவது மயிரிழையில் பாஸ். சந்தோஷம்தான், ஆனால் பாஸ் ஆன பரீட்சையை மார்க்கை உயர்த்துவதற்காகத் திரும்ப எழுதப் பெரும்பாலான இடங்களில் விட மாட்டார்கள். அந்த 4.0 இன்றைக்கும் என் சான்றிதழில் இருக்கிறது. அரைகுறையாகத் தயாராகியிருந்தால் உரிய தேதிக்குள் விலகுவது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, இனி விண்ணப்பிக்கும்போது நடக்கிற தவறுகள். ஜெர்மன் மார்க் முறையில் 1.0 சிறந்தது, 4.0 வரை பாஸ். நம் சி.ஜி.பி.ஏ.வை மாற்ற ஒரு சூத்திரம் இருக்கிறது: அதிகபட்சத்திலிருந்து உங்கள் புள்ளியைக் கழித்து, அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சிப் புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3ஆல் பெருக்கி 1 கூட்டுங்கள். 8.0 வாங்கியவருக்குத் தேர்ச்சிப் புள்ளி 5 என்று எடுத்தால் 2.2 வரும், 6 என்று எடுத்தால் 2.5. பல படிப்புகளின் வெட்டுக்கோடு 2.5 பக்கத்தில் நிற்பதால் இந்த வித்தியாசம் சின்னதல்ல. குறைந்தபட்சத் தேர்ச்சிப் புள்ளி எது என்று உங்கள் மார்க்ஷீட்டிலோ கல்லூரிக் கடிதத்திலோ தெளிவாக இருக்கிறதா என்று கல்லூரியை விட்டு வரும் முன்பே பாருங்கள்.

மார்க் மட்டும் போதாது. தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் கணிதத்தில் இத்தனை கிரெடிட், மெக்கானிக்ஸில் இத்தனை, தெர்மோடைனமிக்ஸில் இத்தனை என்று உங்கள் இளநிலைப் பாடங்களைப் பொருத்திப் பார்ப்பார்கள். ஆக்கன், கார்ல்ஸ்ரூஹே, ஸ்டுட்கார்ட் என்று பெயரை மட்டும் பார்த்து ஏழு இடத்துக்குப் போடுவதைவிட, உங்கள் சிலபஸ் பொருந்துகிற மூன்று இடத்தைத் தேடுவது மேல். பாட விவரங்கள் அடங்கிய சிலபஸை ஒழுங்காக இணையுங்கள். மெக்கானிக்கல் பக்கம் தொழிற்சாலைப் பயிற்சி இத்தனை வாரம் வேண்டும் என்று கேட்கும் இடங்களும் உண்டு. 'ஹோக்ஷூலே' என்று பெயரில் இருப்பதால் தரம் குறைவு என்று ஒதுக்கிவிடாதீர்கள். அப்படிப் பெயர் கொண்டவை பெரும்பாலும் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்கள், அங்கே பேராசிரியர்களே தொழில் துறையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள், வகுப்பும் சிறியது. ஊரையும் யோசியுங்கள். கார் என்றால் ஸ்டுட்கார்ட்டைச் சுற்றியும் வோல்ஃப்ஸ்பர்க் பக்கத்துப் பிரவுன்ஷ்வைக்கிலும், செமிகண்டக்டர் என்றால் டிரெஸ்டனிலும், விமானம் என்றால் ஹாம்பர்க், பிரேமன் பக்கமும் கம்பெனிகள் இருக்கின்றன.

'ஜெர்மனியில் எல்லாம் இலவசம்' என்பதும் முழு உண்மை இல்லை. பாடன்-வ்யுர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து கட்டணம் வாங்குகிறது, மாஸ்டர்ஸுக்கு செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. ஒரு கன்சல்டன்சி உங்களிடம் பைசா வாங்காமல் ஒரே ஒரு தனியார் கல்லூரியை விடாமல் சிபாரிசு செய்தால், பணம் எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு 2022 நவம்பர் முதல் ஏ.பி.எஸ். சான்றிதழ், அதாவது உங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் சான்றிதழ், கட்டாயம். பிளஸ் டூ முடித்து நேராக இளநிலைக்கு வர நினைப்பவர்களுக்கு விதியே வேறு: ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்ச்சியோ, ஊரில் ஒரு வருடக் கல்லூரிப் படிப்போ இல்லையென்றால் பெரும்பாலும் 'ஸ்டூடியன்கொலெக்' என்ற ஒரு வருடத் தயாரிப்புப் படிப்பு வழியாகத்தான் வர வேண்டும், அதற்கு ஜெர்மன் மொழி தெரிந்திருக்க வேண்டும்.

வந்து இறங்கிய பிறகு வீடு. மாணவர் விடுதிக்கு அட்மிஷன் லெட்டர் வந்த அன்றே விண்ணப்பியுங்கள், பெரிய ஊர்களில் வரிசை மிக நீளம். அறையைப் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் வந்ததும் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்' என்று யார் சொன்னாலும் அது மோசடிதான். நகர அலுவலகத்தில் முகவரி பதிய வீட்டு உரிமையாளரின் கடிதம் வேண்டும், அதைத் தர மாட்டேன் என்கிற அறையை எடுத்தால் வங்கியிலிருந்து வரி எண் வரை எல்லாம் தொங்கும். இன்னொன்று, சின்ன விஷயம் மாதிரித் தெரியும்: தபால்பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எண் என்று இங்கே ஒன்று பெரும்பாலும் கிடையாது, பெட்டியில் பெயர் இல்லையென்றால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். இன்ஷூரன்ஸ், வங்கி பின், விசா அலுவலக அழைப்பு எல்லாம் கடிதமாகத்தான் வரும். ஒரு வெள்ளைத்தாளில் பெயரை எழுதி டேப் போட்டு அன்றைக்கே ஒட்டுங்கள்.

ஹெல்த் இன்ஷூரன்ஸில் மலிவாக இருக்கிறது என்று தனியார் பக்கம் போனால், அரசுக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்க வேண்டியிருக்கும். அந்த விலக்கைப் படிப்பு முடியும்வரை திரும்பப் பெற முடியாது. 30 வயதுக்குள் இருப்பவர்கள் அரசுக் காப்பீட்டிலேயே சேருவது நிம்மதி.

வேலை பற்றி ஒரே வார்த்தை: மொழி. 2024 மார்ச் முதல் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்ய அனுமதி இருக்கிறது. ஆனால் கிடங்கில் பெட்டி தூக்கும் வேலைக்கும், உங்கள் துறையில் 'வெர்க்ஸ்டுடென்ட்' எனப்படும் மாணவர் பகுதிநேர வேலைக்கும் நடுவில் நிற்பது பெரும்பாலும் பி1, பி2 என்ற நடுத்தர நிலை ஜெர்மன்தான். படிப்பு ஆங்கிலத்தில்தானே என்று ஆரம்ப நிலையான ஏ1 மட்டும் முடித்துவிட்டு வருகிறார்கள், இங்கே வந்து கற்றுக்கொள்ளலாம் என்று. இங்கே வந்தால் ஆறு பாடம், சமையல், வேலை, இதற்கு நடுவில் மொழிக்கு நேரம் கிடைப்பதில்லை. ஊரில் இருக்கும்போதே பி1 முடித்துவிட்டு வாருங்கள், அதற்குச் செலவாகும் காலம் வீணாகாது.

கம்பெனியில் மாஸ்டர் தீசிஸ் கிடைத்துவிட்டது என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், உங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் அதை ஏற்றுக்கொள்கிறாரா என்று கேளுங்கள். அவர் இல்லாமல் அது தீசிஸ் ஆகாது, வெறும் வேலைதான்.

இதைப் படிக்கிற யாருக்காவது இப்போது மூன்றாவது வாய்ப்பு மட்டும்தான் மிச்சம் என்றால், தனியாக அறைக்குள் உட்கார்ந்து தள்ளிப்போடாதீர்கள். துறையின் படிப்பு ஆலோசகருக்கு இன்றைக்கே மெயில் போட்டு நேரம் வாங்குங்கள். எப்போது எழுதலாம், தள்ளிவைக்க வழி உண்டா, வாய்மொழித் தேர்வு என்று ஏதாவது இருக்கிறதா என்று அவர்களால்தான் சரியாகச் சொல்ல முடியும். மாணவர் நல அமைப்பான 'ஸ்டூடியரெண்டன்வெர்க்' பல ஊர்களில் இலவச மனநல ஆலோசனையும் தருகிறது. பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பேசுவார்கள், வீட்டில் அம்மா அப்பாவிடம் சொல்ல முடியாததை அங்கே சொல்லலாம்.