தனி ஒருவராக சிந்த்-பாப் ஆல்பம்: பேஸிலிருந்து மிக்ஸ் வரை

சிந்தசைசர் ஒலிகளை மையமாகக் கொண்ட சிந்த்-பாப் ஆல்பத்தை ஒருவரே செய்யும்போது 'போதும்' என்று சொல்ல ஆளில்லை. ஒவ்வொரு பாட்டிலும் நாற்பது டிராக் ஏறிவிடும். எதுவும் தெளிவாகக் கேட்காது. ஆகவே முதல் பாட்டுக்கு முன்பே ஆல்பம் முழுவதற்கும் எட்டு முதல் பத்து ஒலிகளைத் தேர்ந்து சேமித்துவிடுங்கள். 1982இல் வந்த ரோலண்ட் ஜூனோ-60 சிந்தசைசரில் ஒரு சுரத்துக்கு ஒரே ஆசிலேட்டர் (ஒலியலையை உருவாக்கும் பகுதி), ஒரு நேரத்தில் ஆறு சுரம், அவ்வளவுதான். அந்தக் கட்டுப்பாட்டுக்குள் உருவான ஒலி இன்றும் சலிக்கவில்லை.

அடுத்தது சுருதி. மெட்டைப் பாடிப் பார்த்து, உங்கள் குரலின் உச்சம் சிரமமில்லாமல் எட்டும் சுருதியை முடிவு செய்யுங்கள். மிடியில் (ஒலியாக அல்லாமல் சுரக் குறிப்புகளாக) இருக்கும்வரை சுருதி மாற்றுவது ஒரு நொடி வேலை. ஆடியோவாகப் பதிந்தபின் மாற்றினால் ஒலியின் தன்மையே கெடும்.

தாழ்ந்த ஒலியான பேஸில்தான் பெரும்பாலான மிக்ஸ்கள் சறுக்குகின்றன. கனமாக இருக்கட்டும் என்று இரண்டு ஆசிலேட்டர்களை 10 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) விலக்கி வைப்பார்கள். 55 ஹெர்ட்ஸில் வரும் சுரத்துக்கு அது சுமார் மூன்று நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அலையாகிறது. எட்டாம் சுரங்களாக (ஒரு அடிக்கு இரண்டு சுரம்) வாசிக்கும்போது சில பலமாகவும் சில சோனியாகவும் விழுவது இதனால்தான். ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரசர் இதை முழுதாகச் சரிசெய்யாது. அடித்தளத்துக்கு ஒரே ஆசிலேட்டர், மோனோவில் (இடம், வலம் பிரியாத ஒற்றை ஒலியாக). விலக்கிய இரண்டாவதை ஒரு ஆக்டேவ் மேலே வைத்து, 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள்.

கிக் டிரம் விழும்போது பேஸ் 3 டெசிபல் அளவு தணியும்படி சைட்செயின் கொடுங்கள். 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 அடி) எட்டாம் சுரம் 250 மில்லிசெகண்ட். ரிலீஸ், அதாவது தணிந்த ஒலி பழைய அளவுக்குத் திரும்பும் நேரம், 100 முதல் 120 மில்லிசெகண்ட் வரை இருந்தால் அடுத்த சுரத்துக்குள் பேஸ் நிமிர்ந்துவிடும். அதைவிட நீண்டால் தாளம் தள்ளாடும்.

டிரம் மெஷினை கிரிட்டிலேயே (துல்லியமான தாளக் கட்டத்திலேயே) விடலாம், ஆனால் ஹை-ஹாட்டின் வெலாசிட்டியை (அடியின் பலத்தை)க் கையால் ஏற்றி இறக்குங்கள். 1979இல் கேரி நியூமன் கிட்டார் இல்லாத ஆல்பம் போட்டபோதுகூட டிரம்ஸ் வாசித்தவர் மனிதர்தான். அந்த இசை நகர்வதற்கு அது பெரிய காரணம்.

பேட் (பின்னணியில் நீண்டு ஒலிக்கும் கார்டுகள்) வாசிக்கும்போது கார்டின் மூல சுரத்தை இடது கை தொடவே வேண்டாம். அது பேஸின் வேலை. மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது சுரங்களை நடு ஆக்டேவில் நெருக்கமாகப் பிடித்து, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் பாதி ஈக்யூ (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும்) வேலை மிச்சம். கோரஸ் எஃபெக்ட் அழகுதான். ஆனால் மோனோவில் பேட் மெலிந்துபோனால் அதன் ஆழத்தைக் குறையுங்கள்.

ஆர்ப்பெஜியோவுக்குப் புள்ளியிட்ட எட்டாம் சுர டிலே, அதாவது 120 பிபிஎம்மில் 375 மில்லிசெகண்ட், நன்றாகப் பொருந்தும். திரும்பி வரும் ஒலியில் 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதைக் குறைத்தால் பாடல் வரிகளோடு மோதாது.

குரலை மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, பாப் ஃபில்டர் வைத்துப் பதியுங்கள். பல்லவியில் மட்டும் இரண்டு முறை கூடுதலாகப் பாடி, இடமும் வலமும் 8 டெசிபல் கீழே வையுங்கள். ஒரே டேக்கை (ஒருமுறை பாடிப் பதிந்ததை) நகலெடுத்து வைப்பதால் அகலம் வராது. இரண்டு முறை பாடியதிலும் உள்ள சின்ன வேறுபாடுதான் அகலம் தருகிறது. இப்படிக் கூடுதலாகப் பாடிச் சேர்க்கும் டபிளிங்கில் 'ச', 'ஸ' ஒலிகள் ஒன்றாக விழாமல் சிதறினால் காதைக் குத்தும். மெயின் டேக்கில் மட்டும் அவற்றை வைத்து, மற்ற இரண்டிலும் தணித்துவிடுங்கள்.

மிக்ஸை மோனோவில், குறைந்த ஒலியில் கேளுங்கள். பேஸ் மறைந்தால் ஒலியைக் கூட்டாதீர்கள். லேசாக சாச்சுரேஷன் (மிதமான ஒலிச் சிதைவு) சேர்த்து மேல் ஹார்மோனிக்ஸ் வரவழைத்தால் போன் ஸ்பீக்கரிலும் கேட்கும். ஸ்பாட்டிஃபை வழக்கமாகப் பாட்டை -14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பின் அளவு) அளவுக்குச் சமன் செய்கிறது. நசுக்கிப் பெருக்கிய மாஸ்டர் அங்கே உரக்கக் கேட்காது, தட்டையாகத்தான் கேட்கும். ட்ரூ பீக்கை (ஒலியலையின் உண்மையான உச்சத்தை) -1 டெசிபலில் நிறுத்துங்கள்.