மோரி வழியாக வருகிற கடல்

என் அண்ணன் மகன் போன வருஷம் ஜூன் மாதம் அம்பாசமுத்திரத்திலிருந்து வேலைக்கென்று தாராவிக்கு வந்தான். வந்த நாலாம் நாளே மழை பிடித்துக்கொண்டது. "அத்தை, தாமிரபரணி வெள்ளத்தையே பாத்தவன் நான். இந்த மழை என்ன செஞ்சிரும்?" என்று குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினான். இரவு பதினோரு மணிக்கு ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தான். அன்றைக்கு அவனை உட்காரவைத்துச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம் தரைத்தளத்து வீட்டில் முப்பது வருஷமாக இருக்கிறேன். வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது எத்தனை தடவை என்ற கணக்கை விட்டுவிட்டேன்.

ஊரில் மழை என்றால் வானத்தைப் பார்ப்போம். பம்பாயில் அது பாதிதான். இங்கே கடல் எத்தனை மணிக்கு ஏறுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

காரணம் ரொம்ப எளிது. ஏழு தீவுகளுக்கு இடையில் இருந்த கடலையும் சேற்றையும் தூர்த்து உண்டாக்கிய ஊர் இது. பல இடங்கள் கடல் மட்டத்தை ஒட்டியே கிடக்கின்றன. மழைநீர்க் கால்வாய் எல்லாம் கடலில் போய்த்தான் விழுகின்றன. கடல் ஏறும்போது கால்வாயின் வாய் தண்ணீருக்குள் மூழ்கிவிடும். கடல்நீர் ஊருக்குள் வராமல் இருக்க மதகு உள்ள இடங்களில் அதை மூடிவிடுவார்கள். அப்புறம் மழைத் தண்ணீர் எங்கே போகும்? ஹாஜி அலி, லவ்குரோவ், இர்லா மாதிரி இடங்களில் பெரிய பம்புகள் வைத்து இறைக்கிறார்கள். ஹிந்த்மாதா என்ற பள்ளமான பகுதியின் தண்ணீரைத் தேக்கிவைக்கத் தரைக்கடியில் தொட்டிகூடக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் பழைய கால்வாய்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்கென்று போட்டவை. அதை 50ஆக உயர்த்தும் வேலை வருஷக்கணக்காக நடக்கிறது. கடல் இறங்கியிருக்கும்போது பெய்யும் மழை ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும். அதே மழை கடல் ஏறியிருக்கும்போது பெய்தால் முழங்காலுக்கு வந்துவிடும்.

கடல் ஏறும் நேரத்தை இங்கே எல்லோரும் ஹை டைட் என்றே சொல்வார்கள், மராத்திக்காரர்கள் பரதி என்பார்கள். பேப்பரில் தினமும் வரும். நாலரை மீட்டருக்கு மேல் ஏறும் நாட்கள் எவை என்று மழைக்காலத்துக்கு முன்பே மாநகராட்சி பட்டியல் கொடுத்துவிடும். அதை வெட்டி என் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்திருக்கிறேன். பட்டியல் கையில் இல்லாவிட்டால் சுவரில் தொங்குகிற தினசரி காலண்டர் போதும். அமாவாசையும் பௌர்ணமியும் வந்து ஒன்றிரண்டு நாளில் ஏற்றம் பெரிதாக இருக்கும். அந்த நாட்களில் பம்பாயில் உச்சம் பகல் பன்னிரண்டு, ஒரு மணிக்குப் பக்கத்தில் வரும், நடுராத்திரியில் இன்னொன்று. அடுத்தடுத்த நாள் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளிப்போகும். உச்சத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும், பெருமழையும் சேர்ந்தால், நான் வாசல் தாண்டுவதில்லை. காலை ஷிப்ட் பள்ளி விடுவதும் பெரும்பாலும் அந்த நேரம்தான். அன்றைக்குப் பிள்ளையை அனுப்பலாமா என்பதைக் காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

வானிலை மையம் மழைக்குக் கொடுக்கிற எச்சரிக்கை நிறங்களுக்கும் என்னிடம் ஒரு கணக்கு உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கனமழை, 115.6இலிருந்து மிகக் கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதிகனமழை. மஞ்சள் என்றால் குடையோடு போவேன், அவ்வளவுதான். ஆரஞ்சு என்றால் வீட்டைத் தயார் செய்துவிட்டுப் போவேன். சிவப்பு என்றால் போகமாட்டேன். சிவப்பு அறிவித்த நாளில் வெயில் அடித்ததும் உண்டு, பக்கத்து வீட்டுக்காரர் சிரித்ததும் உண்டு. சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஏன் இப்படி என்றால், 2005 ஜூலை 26. அப்போது சாக்கிநாக்காவில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மதியம் இரண்டு மணிக்கு மேல் பிடித்த மழை நிற்கவே இல்லை. மூன்று மணிக்கு நாத்தனார் கொலாபாவிலிருந்து போன் செய்தாள்: "என்ன அண்ணி, சாதாரண மழைதானே?" அவள் சொன்னது பொய்யில்லை. அன்றைக்குக் கொலாபாவில் பெய்தது 73 மில்லிமீட்டர்தான். சாந்தாகுரூசில் 944. ஒரே ஊர், ஒரே நாள். அப்புறம் போன் செத்துவிட்டது. நாலரைக்கு நாங்கள் நாலு பெண்கள் கைகோத்துக்கொண்டு குர்லாவைப் பார்த்து நடந்தோம். மித்தி நதி ரோட்டுக்கு வந்துவிட்டது. இடுப்பளவு வந்ததும் எங்களில் மூத்தவர், ஒரு கேரளத்து அம்மா, "போதும், திரும்பு" என்றார். திரும்பினோம். ஆபீசில் துணி மூட்டைகள் மேல் படுத்தோம், பார்லே-ஜி தின்றோம், மறுநாள் மதியம் வீடு சேர்ந்தோம். கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தவர்களில் சிலர், கதவு திறக்காமல் மூச்சுமுட்டிச் செத்துப்போனார்கள். கார் வைத்திருப்பவர்கள் கண்ணாடி உடைக்க ஒரு சுத்தியலைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள், டிக்கியில் வேண்டாம். சக்கரம் பாதி முங்கினால் வண்டியை விட்டு இறங்கிவிடுங்கள். வண்டி போனால் போகட்டும்.

அந்த அம்மா சொன்ன "திரும்பு"தான் என் முதல் விதி. மழையில் மாட்டினால் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தை விடுங்கள். இருக்கிற இடம் மேடாக இருந்தால் அங்கேயே இருங்கள். 2017 ஆகஸ்ட் 29, கணபதி சமயம், ரயில் எல்லாம் நின்றபோது குருத்வாராக்களும் கணபதி மண்டபங்களும் கதவைத் திறந்துவைத்துச் சாப்பாடு போட்டார்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

இனி வீடு. தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் இது. மாடியில் இருப்பவர்கள் கீழ்வீட்டுக்காரர் சாமானுக்கு இடம் கொடுத்தால் போதும்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் வாசலில் மணல்மூட்டை போடுகிறார்கள். தண்ணீர் முதலில் வாசல் வழியாக வராது. மோரி வழியாக வரும். பாத்திரம் கழுவுகிற மூலையில் இருக்கிற ஓட்டையில் முதலில் 'குளுக் குளுக்' என்று சத்தம் கேட்கும். பிறகு குமிழி விடும். பிறகு கறுப்பாக, சாக்கடை நாற்றத்தோடு மேலே வரும். அந்தச் சத்தம் கேட்டால் உங்களுக்குக் கால் மணி நேரம்தான் இருக்கிறது. நான் செய்வது இது: ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பையில் மணலை நிரப்பி, ஓட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கட்டிக்கொள்வேன். அதைப் பழைய கோணித்துணியில் சுற்றி ஓட்டையில் வைத்துக் குதிகாலால் மிதித்து இறுக்குவேன். மேலே மாமியாரின் அம்மிக்கல். கல் இல்லாமல் வெறும் மணல்பையை வைத்தால் தண்ணீர் அதைத் தூக்கிவிடும். ஒரு வருஷம் பை மிதந்து கட்டிலுக்கடியில் கிடந்தது. இதனால் தண்ணீர் அறவே வராது என்று நினைக்காதீர்கள். சுவர் ஓரத்தில் கசியும். ஆனால் சாமானைத் தூக்கிவைக்க நேரம் கிடைக்கும்.

தூக்குவதிலும் ஒரு வரிசை வேண்டும். முதலில் மெயின் சுவிட்ச். தண்ணீர் பிளக் பாயின்ட்டைத் தொடும் வரை காத்திருக்கக் கூடாது, மோரி சத்தம் கேட்டதுமே அணைத்துவிட வேண்டும். இரண்டாவது கேஸ்: ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டரை ஜன்னல் கம்பியோடு கட்டுங்கள், இல்லாவிட்டால் மிதந்து உருளும். அப்புறம் அரிசி, கிரைண்டர், மெத்தை. ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் ஜூன் முதல் தேதியே டிபன் டப்பாவுக்குள் போய்ப் பரணில் உட்கார்ந்துவிடும். ஃபிரிட்ஜுக்கு அடியில் நிரந்தரமாக நாலு செங்கல். குடிதண்ணீரை இரண்டு குடம் மூடிவையுங்கள். வெள்ளத்துக்கு அப்புறம் குழாயில் வருவதை இரண்டு நாளாவது கொதிக்கவைக்காமல் குடிக்காதீர்கள்.

ரோட்டில் நடக்க வேண்டி வந்தால், பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத குழிக்குத்தான். தண்ணீர் வடியட்டும் என்று யாராவது மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுவார்கள். 2017இல் அந்த ஆகஸ்ட் 29 அன்றே, காரை விட்டு இறங்கி நடந்த பிரபல மருத்துவர் ஒருவர் அப்படித் திறந்திருந்த குழியில் விழுந்து இறந்துபோனார். அதற்கப்புறம் மூடிக்குக் கீழே கம்பிச் சட்டம் போட ஆரம்பித்தார்கள். எல்லா இடத்திலும் இருக்கும் என்று நம்பி நடக்க முடியாது. ரோட்டின் ஓரத்தை விட்டு, நடுவில் டிவைடரை ஒட்டி நடங்கள். குடையை மடக்கி ஊன்றுகோலாக்கி, குடை தரையைத் தொட்ட பிறகு காலை வையுங்கள். ஓரிடத்தில் தண்ணீர் சுழன்றாலோ குப்பை ஒரே பக்கமாக இழுபட்டாலோ அங்கே வாய் திறந்திருக்கிறது. செருப்பு வேண்டாம், காலை விட்டுப் போய்விடும். வெறுங்காலும் வேண்டாம். வார் வைத்த பிளாஸ்டிக் சாண்டல் போடுங்கள். மின்கம்பம், கடை ஷட்டர், இரும்பு வேலி எதையும் பிடிக்காதீர்கள்.

லோக்கல் ரயிலில் போகிறவர்களுக்கு: சயான்–குர்லா நடுவிலும் மாட்டுங்காவிலும் தண்டவாளம் முங்கினால் வண்டி நின்றுவிடும். பெட்டியைவிட்டுக் குதிக்காதீர்கள். தண்ணீருக்குள் தண்டவாளமும் தெரியாது, பக்கத்து நாலாவும் (சாக்கடைக் கால்வாய்) தெரியாது. ரயில்வே ஆட்கள் வந்து இறக்கினால் அவர்களோடு இறங்கலாம். லேடீஸ் பெட்டியில் ஆறு மணி நேரம் இருந்திருக்கிறேன். பையில் தண்ணீர், கடலைமிட்டாய், ஒரு நாள் சுகர் மாத்திரை, பவர் பேங்க் இருந்தால் சமாளிக்கலாம். மழைக்காலம் முழுக்க என் பையில் இந்த நாலும் இருக்கும்.

காற்றை நம் ஆட்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. 2021 மே 17, டவ்தே புயல் இங்கே கரையேறாமல் ஓரமாகப் போனதற்கே மரங்கள் சரிந்தன. 2024 மே 13 அன்று புயல்கூட இல்லை, புழுதிக்காற்றுதான். காட்கோபரில் பெட்ரோல் பங்க் மேல் ராட்சத விளம்பரப் பலகை விழுந்து 17 பேர் போய்விட்டார்கள். மழைக்கும் காற்றுக்கும் பலகைக்கு அடியில், பழைய மரத்துக்கு அடியில், தகரக் கூரைக்கு அடியில் ஒதுங்காதீர்கள். மாட்டுங்காவின் பெரிய மரங்கள் வெயிலுக்குத்தான் நல்லவை.

செம்பூர், விக்ரோலிப் பக்கம் மலைச்சரிவில் வீடு இருப்பவர்கள் என்னைவிட அதிகம் கவனிக்க வேண்டும். 2021 ஜூலை 18, நள்ளிரவு தாண்டிய நேரத்தில் செம்பூர் பாரத் நகரில் சுவர் இடிந்தபோது ஜனங்கள் தூக்கத்தில் இருந்தார்கள். சுவரில் புதிதாக விரிசல், கதவு திடீரென்று சிக்குவது, சரிவிலிருந்து சேறு கலந்த தண்ணீர் வருவது, இதில் எதைக் கண்டாலும் அன்று இரவு உறவுக்காரர் வீட்டில் படுங்கள்.

மாநகராட்சியின் அவசர எண் 1916, பொது அவசரத்துக்கு 112. ஒரு தாளில் எழுதிவையுங்கள், மனப்பாடமும் செய்துகொள்ளுங்கள், போன் நனைந்தால் அவைதான் உதவும்.

தண்ணீர் வடிந்த பிறகு வருவது எலிக் காய்ச்சல், லெப்டோ. எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் உள்ள சின்னக் கீறல் வழியாக ஏறிவிடும். வீடு வந்ததும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவுங்கள். வெள்ளத்தில் நடந்திருந்தால், ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் முனிசிபாலிட்டி தவாகானாவுக்கு (சின்ன ஆஸ்பத்திரி) போய்ச் சொல்லுங்கள். தேவையென்றால் டாக்டரே டாக்சிசைக்ளின் தருவார். மெடிக்கலில் நீங்களாக வாங்கித் தின்னாதீர்கள், கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அது ஆகாது. அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. வயரிங்கை எலக்ட்ரீஷியன் பார்க்கும் வரை மெயினைப் போடாதீர்கள்.

அண்ணன் மகன் இந்த வருஷம் மே மாதமே மணல் வாங்கி வந்துவிட்டான். அம்மிக்கல்லும் மோரி ஓரத்துக்குப் போய்விட்டது. அக்டோபர் வரை சட்னி மிக்சியில்தான்.