பட்டினி கிடக்காமல் எடை குறைப்பது: எங்கள் சாப்பாட்டுக்கு ஒரு கலோரிக் கணக்கு

எடை குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்தால் எங்கள் வன்னிப் பக்கத்தில் முதலில் நடப்பது இரவுச் சாப்பாட்டை நிற்பாட்டுவதுதான். இரண்டு மூன்று நாள் தாக்குப் பிடிக்கும், பிறகு பசி தலைக்கேறி மத்தியானச் சோறு இரண்டு மடங்காகிவிடும். 2009 இல் போர் முடிகிற நேரம் ஒரு பேணிக் கஞ்சிக்கு வரிசையில் நின்ற சனம் இது, அவர்களைத் திரும்பவும் வயிற்றைக் காயப்போடச் சொல்ல எனக்கு மனம் வராது, அது தேவையும் இல்லை. சாப்பிடுவதை எழுதி, கொஞ்சம் கணக்குப் பார்த்து, கூடுதலாக நடந்தால் எடை இறங்கும். கிளிநொச்சியில் இருந்தாலும் மல்லாவியில் இருந்தாலும் வீட்டுச் சமையலை வைத்தே இதைச் செய்யலாம்.

தொடங்க முதல் ஒரு விசயம். சீனி வருத்தத்துக்குக் குளிசையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் கிளினிக்கில் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது, மருந்து அதே அளவில் இருக்கச் சாப்பாடு குறைந்தால் சீனி சட்டென்று இறங்கி மயக்கம் வரும். கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற தாய்மார், 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், சிறுநீரக வருத்தக்காரர் (வவுனியாப் பக்கம் கனக்கப் பேருக்கு இது இருக்கிறது), இவர்களும் வைத்தியரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

படி 1: எடை பார்த்து, அளந்து எழுதுங்கள்

ஒரு கொப்பி, ஒரு பேனை, தையல்காரர் வைத்திருக்கிற அளவுநாடா, ஏறி நிற்கிற தராசு. வீட்டில் தராசு இல்லாவிட்டால் பாமசியிலோ கிளினிக்கிலோ நிறுக்கலாம், ஆனால் எப்போதும் அதே தராசாக இருக்கட்டும். காலையில் மலசலகூடம் போய்வந்து, தேத்தண்ணி குடிக்க முதல் நிறுப்பது நல்லது.

எடையைக் கிலோவில் எடுத்து, மீற்றரில் அளந்த உயரத்தால் இரண்டு தரம் வகுத்தால் உடற்திணிவுச் சுட்டி வரும். ஆசியர்களுக்கு 23 ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும், 27.5 ஐத் தாண்டினால் ஆபத்துக் கூட. இடுப்புச் சுற்றளவையும் எழுதுங்கள்: ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்கும் பெண்களுக்கு 80 இற்கும் உள்ளே இருக்க வேண்டும். கையும் காலும் மெலிவாக இருந்து வயிறு மட்டும் தள்ளி நிற்கிற ஆட்கள் எங்களில் நிறையப் பேர், அவர்களுக்கு எடையை விட இடுப்பு அளவுதான் உண்மையைச் சொல்லும்.

படி 2: ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்?

மிஃப்லின்-செயின்ட் ஜியோர் என்ற சூத்திரம் 1990 இல் வந்தது, இன்றைக்கும் பரவலாகப் பயன்படுவது அதுதான். எடையைப் 10 ஆல் பெருக்குங்கள், உயரத்தைச் சென்ரிமீற்றரில் எடுத்து 6.25 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள், வயதை 5 ஆல் பெருக்கிக் கழியுங்கள். பிறகு ஆண் என்றால் 5 ஐக் கூட்டுங்கள், பெண் என்றால் 161 ஐக் கழியுங்கள்.

72 கிலோ, 155 சென்ரிமீற்றர், 38 வயதுப் பெண் ஒருவரை எடுப்போம். 720 + 969 − 190 − 161 = 1338. சும்மா படுத்திருந்தாலும் உடம்பு எரிக்கிற கலோரி இது. வீட்டு வேலையும் கொஞ்ச நடையும் இருந்தால் 1.375 ஆல் பெருக்க 1840 வரும். கிழமையில் பல நாள் வயலில் இறங்கி வேலை செய்கிறவர் 1.55 ஆல் பெருக்கலாம், கதிரையில் இருந்து வேலை செய்கிறவருக்கு 1.2.

அந்த 1840 இல் 400 ஐக் குறைத்தால் 1440. ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7700 கலோரி இருக்கிறது, ஆக கிழமைக்கு 2800 குறைந்தால் மூன்றில் ஒரு கிலோ மட்டில் இறங்கும். மெதுவாகத்தான் இருக்கும், ஆனால் நின்று நிலைக்கிற வேகம் அதுதான். வைத்தியர் சொல்லாமல் பெண்கள் 1200 இற்கும் ஆண்கள் 1500 இற்கும் கீழே போகாதீர்கள்.

படி 3: முதல் கிழமை எழுதுவது மட்டும்

எதையும் குறைக்காதீர்கள். வழமையாகச் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, உடனேயே எழுதுங்கள், இரவில் யோசித்து எழுதினால் பாதி விட்டுப்போகும். பிள்ளை மிச்சம் விட்ட சோறு, சமைக்கும்போது உப்புப் பார்த்த கறி, பக்கத்து வீட்டில் குடித்த தேத்தண்ணி, முறிகண்டியில் பஸ் நிற்க வாங்கிய கச்சான் சரை, எல்லாம் கொப்பிக்கு வர வேண்டும். அந்தக் கச்சான் 50 கிராம் என்றாலே 280 கலோரிக்கு மேல். அம்மாமார் இந்தப் பிள்ளை மிச்சத்தைக் கட்டாயம் எழுதுங்கள். சோற்றைக் கொட்ட மனம் வராது, எனக்கும் வராது, அதனால் பிள்ளைக்கு முதலே கொஞ்சமாகப் போட்டு, கேட்டால் திரும்பப் போடுவதுதான் வழி.

படி 4: புட்டை நிறுப்பது

இந்த இடத்தில்தான் எல்லாரும் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள். போனில் இருக்கிற செயலிகளில் புட்டு என்று தேடினால் ஆளுக்கொரு கணக்கு வரும், ஏனென்றால் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் புட்டைப் போட்டு வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் புட்டை நீங்களே கணக்குப் பாருங்கள், ஒருதரம் செய்தால் போதும். சமையலுக்கென்று விற்கிற சின்ன டிஜிற்றல் தராசு ஒன்று வாங்குங்கள்.

மாவைக் குழைக்க முதல் நிறுங்கள், 400 கிராம் அரிசிமா என்று வைப்போம். நூறு கிராமுக்கு 360 ஆக 1440 கலோரி. பாதித் தேங்காய் துருவினால் 130 கிராம் மட்டில் வரும், அது 460. இரண்டும் சேர்த்து 1900. அவித்து, நீத்துப்பெட்டியில் இருந்து கொட்டிய புட்டு முழுவதையும் சுடச்சுட ஒரு சட்டியில் நிறுங்கள், சட்டியின் எடையைக் கழிக்க மறக்க வேண்டாம். 950 கிராம் வந்தால் ஒரு கிராமுக்கு 2 கலோரி. இனி உங்கள் கோப்பையில் 250 கிராம் புட்டு இருந்தால் 500 என்று எழுதிவிட்டுச் சாப்பிடலாம். கறிக்கும் இதே முறை: உள்ளே போன எண்ணெய், தேங்காய்ப்பால், மீன், பருப்பு எல்லாவற்றையும் கூட்டி, சமைத்த எடையால் பிரிக்க வேண்டும்.

அடிக்கடி தேவைப்படுகிற கணக்குகள், எல்லாம் ஏறக்குறைய: வெந்த சோறு 100 கிராம் 130, கால் இறாத்தல் பாண் 300, அவித்த மரவள்ளி 100 கிராம் 155, முட்டை ஒன்று 75, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120, கும்பிய தேக்கரண்டிச் சீனி 30. குளத்து ஜிலாப்பி 100 கிராம், பொரிக்காமல் 100 கலோரி, அதில் 20 கிராம் புரதம். சிவப்பரிசிச் சோறு நல்லதுதான், நார்ச்சத்து இருக்கிறது, ஆனால் கலோரி வெள்ளைச் சோற்றுக்குக் கிட்டத்தான், கோப்பை நிறையப் போட அது காரணம் ஆகாது. பனங்கட்டியும் அப்படித்தான், சீனியோடு பெரிய வித்தியாசம் இல்லை.

படி 5: எங்கே குறைப்பது?

ஒரு கிழமைக் கொப்பியைப் புரட்டினால் விடை அங்கேயே இருக்கும். எங்கள் வீடுகளில் பெரும்பாலும் மூன்று இடம்தான். ஒன்று தேத்தண்ணி: இரண்டு கரண்டிச் சீனி, நாளுக்கு ஐந்து தரம், அதுவே 300 கலோரி. உள்ளங்கையில் சீனி வைத்துக் குடிக்கிறவர்களும் அதைக் கரண்டியால் அளந்து கையில் போடுங்கள். கிழமைக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்தால் நாக்குப் பழகிவிடும். அடுத்தது தேங்காய். நாலு பேர் வீட்டில் நாளுக்கு ஒரு முழுத் தேங்காய் போனால் ஆளுக்கு 230 வரும். சொதியையும் சம்பலையும் விடச் சொல்லவில்லை, இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டாம், சொதிக்கு முதற்பாலைக் குறைத்து இரண்டாம் பாலைக் கூட்டுங்கள். மற்றது இரண்டாம் தரம் போடுகிற சோறு. அந்த இடத்தை வல்லாரைச் சம்பல், முருங்கையிலை வறை, கத்தரிக்காய், இன்னொரு துண்டு மீன் பிடிக்கட்டும். புரதம் கூடினால் பசி தாங்கும், தசை கரைவதும் குறையும்.

கலியாண வீடு, கோயில் அன்னதானம் என்று வந்தால் தராசைத் தூக்கிக்கொண்டு போக ஏலாது. பொத்திய கை அளவுச் சோறு 150 கிராம் என்று மட்டாக எழுதி, நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

படி 6: நடை, சைக்கிள், கதிரை

போர் நேரப் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் வன்னி முழுக்கச் சைக்கிளில்தான் ஓடியது. இப்போது ஒழுங்கை முடக்கில் இருக்கிற கடைக்கும் மோட்டார் சைக்கிள், வயலில் வெட்டுமெசின், ஆனால் சோற்றின் அளவு மட்டும் மண்வெட்டி பிடித்த காலத்து அளவு. கிழமைக்கு 150 நிமிடமாவது உடம்பு வேர்க்க அசைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஐந்து நாள், நாளுக்கு அரை மணித்தியாலம் வேகமாக நடந்தால் சரி, பேசலாம் ஆனால் பாட ஏலாது என்கிற வேகம்.

72 கிலோ ஆள் அப்படி அரை மணித்தியாலம் நடந்தால் 125 கலோரி மட்டில் எரியும். இரண்டு தேத்தண்ணிச் சீனி அவ்வளவுதான். அதனால் நடந்துவிட்டேன் என்று கூடச் சாப்பிட வேண்டாம், படி 2 இல் பெருக்கியபோதே கொஞ்ச நடை கணக்கில் வந்துவிட்டது.

வெயில் ஏற முதல் நடங்கள், ஆனால் ஒட்டுசுட்டான், நெடுங்கேணி போல யானை வருகிற பக்கங்களில் நன்றாக வெளிச்சம் வந்த பிறகு. மிதிவெடிப் பலகை நிற்கிற காணிப் பக்கம் வீதியை விட்டு இறங்கவே வேண்டாம். தனியே நடக்கக் கூச்சப்படுகிற பெண்கள் இரண்டு மூன்று பேராகச் சேருங்கள், அல்லது வளவுக்குள் வேலியோரமாக நடந்தாலும் அதே கலோரிதான்.

செயற்கைக் கால் போட்டவர்கள் நீண்ட நடையைப் பிடிக்க வேண்டாம், தோல் உரசிப் புண்ணானால் கிழமைக்கணக்கில் போடமுடியாமல் போகும். கதிரையில் இருந்து, ஒன்றரை லீற்றர்ப் போத்தல் இரண்டில் தண்ணீர் நிரப்பித் தலைக்கு மேல் தூக்கி இறக்குங்கள், முன்னுக்கு நீட்டி மடக்குங்கள், 10 தரம் செய்து ஆறி, திரும்பவும் செய்யுங்கள். உடம்பில் செல் (எறிகணை) துண்டு இருந்து நோகிறவர்கள் எந்தப் பயிற்சி செய்யலாம் என்று வைத்தியரிடம் கேளுங்கள். மற்றவர்களும் கிழமைக்கு இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்க வேண்டும்: கதிரையில் கை ஊன்றாமல் இருந்து எழும்புவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது.

படி 7: எடை பார்த்துக் கணக்கைத் திருத்துங்கள்

தினமும் நிறுக்கிறவர்கள் ஏழு நாளின் சராசரியைப் பாருங்கள். கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட அடுத்த நாள் ஒரு கிலோ கூடினால் அது உப்புப் பிடித்து வைத்த தண்ணீர். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முதலும் இப்படி ஏறி இறங்கும். நாலு கிழமை போயும் சராசரி அசையவில்லை என்றால் அநேகமாக எழுதாத எண்ணெயோ தேங்காயோ எங்கேயோ இருக்கிறது, ஒரு கிழமை திரும்பவும் எல்லாவற்றையும் தராசில் நிறுத்து எழுதுங்கள். ஐந்து கிலோ இறங்கினால் படி 2 ஐப் புதிய எடைக்குச் செய்ய வேண்டும்: 72 கிலோவில் 1840 ஆக இருந்த அந்தப் பெண்ணுக்கு 67 இல் 1770 மட்டில்தான் வரும், அந்த 70 கலோரியை ஒரு தேத்தண்ணியின் சீனியிலோ பத்து நிமிடக் கூடுதல் நடையோடு ஒரு கரண்டிச் சீனியிலோ சரிக்கட்டலாம்.